தோண்டிய பிறகு மாறும் வேலை: நீலகிரியில் அரசு ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தாங்கு சுவர் வேலை. மதிப்பீட்டில் அஸ்திவாரம் 90 சென்டிமீட்டர் ஆழம். 90-ஐத் தொட்டபோது கடப்பாரை வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. ஓவர்சியர் வந்து குனிந்து பார்த்தார். "இதுல சுவர் நிக்காதுண்ணா. இன்னும் தோண்டுங்க, எஸ்டிமேட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். தோண்டினோம். 1.80 மீட்டரில்தான் கெட்டி மண் கிடைத்தது. கல் கட்டி, மண் போட்டு மூடினோம். மூன்று மாதம் கழித்துப் பட்டியல் (பில்) போடப் போனால் அவருக்கு மாறுதல் வந்திருந்தது. புதிதாக வந்தவர் எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "90 சென்டிமீட்டர்தானே இருக்கு?" என்றார். புதைந்த சுவரைத் தோண்டிக் காட்டவா முடியும்?

அதில் எனக்குப் போனது இரண்டு லட்சத்துக்கு மேல். பழையவர் பொய் சொல்லவில்லை, சுவர் நிற்காது என்பது உண்மைதான். புதியவரும் பொய் சொல்லவில்லை, எம்.புக்கில் 90தான் இருந்தது. கல் மண்ணுக்குள் போவதற்கு முன்னால் காகிதம் எழுதாமல் விட்டவன் நான். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு காகிதத்தை எப்போது, யாருக்கு, எப்படி எழுதுவது என்பதுதான்.

ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை என்று எங்கே வேலை எடுத்தாலும் மலையில் வேலை மாறாமல் முடிவது அபூர்வம். மேலே இருந்து பார்த்தால் தேயிலைச் செடி, கீழே என்ன மண் என்று தோண்டினால்தான் தெரியும். கூடலூர், பந்தலூரில் ஜூனில் தொடங்கும் மழை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபருக்குப் பிறகுதான் முழு வேகம் காட்டும். கோடையில் அளந்து போட்ட மதிப்பீடு, இரண்டு மழை பார்த்த சரிவுக்குப் பொருந்தாமல் போவதில் ஆச்சரியமில்லை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் 40-க்கு மேற்பட்டோர் இறந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தப் படிவத்தை யாரும் படிப்பதில்லை. நானும் பத்து வருடம் படித்ததில்லை. முழுவதையும் படிக்காவிட்டாலும், வேலை மாறினால் என்ன ஆகும் என்று சொல்லும் பிரிவையாவது ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள். அதில் தேட வேண்டியவை இவை: மாற்ற உத்தரவு போட யாருக்கு அதிகாரம், அளவு எத்தனை சதவீதம் வரை பழைய விலையிலேயே போகும், பட்டியலில் இல்லாத வேலைக்கு விலை எப்படி, எத்தனை நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும், கால நீட்டிப்பு கேட்க வழி என்ன.

இந்தக் கணக்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். மத்தியப் பொதுப்பணித்துறையின் பொது நிபந்தனைகளில் 12-ஆம் பிரிவுதான் இதற்கான இடம். கட்டட வேலைக்கு வழக்கமாக 30 சதவீதம் வரை பழைய விலை. புதிய விலை வேண்டுமானால் உத்தரவு வந்த 15 நாளுக்குள் விலைப் பகுப்பாய்வோடு கேட்க வேண்டும். உலக வங்கி நிதியில் வரும் சிறு வேலைகளுக்கான மாதிரி ஒப்பந்தத்தில் ஓர் இனத்தின் (ஐட்டத்தின்) அளவு 25 சதவீதத்துக்கு மேல் மாறி, அந்த மாற்றம் ஒப்பந்தத் தொகையில் 1 சதவீதத்தையும் தாண்டினால்தான் விலையைத் தொடலாம். தேசிய நெடுஞ்சாலை இ.பி.சி. (வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை ஒருவரே செய்யும்) மாதிரி ஒப்பந்தத்தில் பணிப்பரப்பு மாற்றங்களின் மொத்தத்துக்கு ஒப்பந்த விலையில் 10 சதவீதம் உச்சவரம்பு. ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தமான சிவப்புப் புத்தகத்தின் 1999 பதிப்பில் கூடுதல் தொகை கேட்க 28 நாள் கெடு, தவறினால் உரிமையே போய்விடும். பக்கத்து ஒப்பந்ததாரர் சொன்ன சதவீதத்தை நம்பி உட்காராதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டது வேறு படிவமாக இருக்கலாம்.

இன்னொன்று: உங்கள் ஒப்பந்தம் கே-2 (இனவாரி விலை) வகையா, எல்.எஸ். (மொத்தத் தொகை) வகையா என்று பாருங்கள். மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டுவிட்டு, இனவாரியாக அளந்து கூடுதல் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

மண்ணைத் தொடுவதற்கு முன்

இடத்தை ஒப்படைக்கும் நாளில் உதவிப் பொறியாளரோ ஓவர்சியரோ கூட இருக்கும்போதே மட்டம் எடுத்துவிடுங்கள். சுவரின் நீளத்தில் ஐந்து மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு போதும். இருபது மீட்டர் சுவர் என்றால் நடுவிலும் இரு முனையிலும் சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பது அரை நாள் கூலிக்கு முடியும். குழிக்குள் ஸ்டாஃபை (மட்டம் பார்க்கும் அளவுகோலை) நிறுத்தி, தேதி தெரியும்படி படம் எடுங்கள். அந்த மட்டத் தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும்.

என்ன மாறியது என்று முதலில் பெயர் வையுங்கள்

அலுவலகத்தில் "வேலை கூடிப்போச்சு சார்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. அவர்கள் கோப்பில் அதற்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மதிப்பீட்டில் இருக்கும் இனமே கூடினாலோ குறைந்தாலோ அது அளவு மாற்றம், பேச்சில் டீவியேஷன். மதிப்பீட்டில் இல்லாத ஒன்று சேர்ந்தால் கூடுதல் இனம். கருங்கல் கட்டுக்குப் பதில் கேபியன் (கல் நிரப்பிய கம்பிவலைக் கூடை), அல்லது சுவருக்குப் பதில் மண்ணில் கம்பி அடித்துச் சரிவை நிறுத்துவது என்றால் மாற்று இனம். ஒரு பகுதியைச் செய்ய வேண்டாம் என்றால் நீக்கம்.

நீக்கமும் பணக் கணக்குதான். வடிகாலை விட்டுவிடச் சொன்னால், அதற்காக மலையேற்றிய கல்லும் ஜல்லியும் கையில் தேங்கும். மத்தியப் பொதுப்பணித்துறை நிபந்தனைகளில் 13-ஆம் பிரிவு இப்படி வேலை சுருங்கும்போது இறக்கிய பொருளுக்கு வழி சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அதுபோல இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடமிருந்து எடுத்த பகுதியை வேறொருவரிடம் கொடுத்துச் செய்தால் அது நீக்கம் ஆகாது, அதை எதிர்த்து எழுதலாம்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, எல்லோரும் மாட்டிக்கொள்வது அதில்தான். வார்டு உறுப்பினர் வந்து, "அண்ணா, அந்த மூணு வீடு வரைக்கும் வடிகாலை இழுத்து விட்டுருங்க, மிச்சம் பணம் இருக்குல்ல" என்பார். அது உங்கள் வேலையின் மாற்றமே அல்ல, வேறு ஒரு வேலை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம் 1998-இல் வந்ததே, பொது வேலை போட்டி இல்லாமல் கைமாறக் கூடாது என்பதற்காகத்தான். எடுத்த வேலைக்கு அவசியமானது மாற்றம். அதில்லாமலே உங்கள் வேலை முழுமையடையும் என்றால் அது தனி மதிப்பீடு, தனி டெண்டர். உறுப்பினரிடம் முகத்தை முறிக்க வேண்டாம். "ஒன்றியத்தில் எழுதி வாங்கிக் கொடுங்கண்ணா, நாளைக்கே ஆள் போடுறேன்" என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அப்படி எழுதி வந்தது இரண்டே முறை.

நிறுத்துங்கள், எழுதுங்கள்

மாற்றம் தேவை என்று தெரிந்த நாளிலேயே அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் கடிதம் கொடுங்கள். முழு வேலையையும் நிறுத்தினால் தாமதப் பழி உங்கள் மேல் விழும். கடிதம் புகார் போல இருக்கக் கூடாது, கண்டதைச் சொன்னால் போதும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும் (சங்கிலி என்பது தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்த தூரம்):

"ஐயா, மேற்படி தாங்கு சுவர் பணியில் சங்கிலி 0 முதல் 20 மீட்டர் வரை மதிப்பீட்டின்படி 0.90 மீட்டர் ஆழம் தோண்டியதில், அடிமண் நீர் கசிந்து இளகிய நிலையில் உள்ளது. இன்று காலை 11 மணிக்கு ஓவர்சியர் நேரில் பார்வையிட்டு, கெட்டி மண் வரை தோண்டும்படி வாய்மொழியாகக் கூறினார். இதனால் மண் வெட்டும் அளவும் கல் கட்டும் அளவும் கூடும். தாங்கள் தலத்தைப் பார்வையிட்டு, ஆழத்தை நிர்ணயித்து எழுத்துப்பூர்வ உத்தரவு வழங்க வேண்டுகிறேன். கூடுதல் அளவுக்கான தொகையும் அதற்கான காலமும் கோரும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறேன். அதுவரை சங்கிலி 20 முதல் 45 வரை பணி தொடர்கிறது. படங்கள் 6 இணைப்பு."

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். முகவரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரிக்கு, நகல் உதவிப் பொறியாளருக்கு. தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால், சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீட் போஸ்ட். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி நீல டிக் வந்ததை வைத்து நிம்மதியாகத் தூங்காதீர்கள், கோப்பில் நீல டிக்குக்கு இடமில்லை.

எல்லா நேரமும் காத்திருக்க முடியாது. மழை இறங்கிக்கொண்டிருக்கிறது, மேலே வீடு இருக்கிறது என்றால் உத்தரவு வரும் வரை குழியைத் திறந்து வைப்பது பாவம். அப்போது அங்கேயே சைட் ஆர்டர் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி ஓவர்சியரின் கையெழுத்தை வாங்கிவிட்டுத் தொடருங்கள், அன்று மாலைக்குள் உறுதிப்படுத்தும் கடிதம் போகட்டும். மேலே சொன்ன ஃபிடிக் படிவத்தில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. வாய்மொழி உத்தரவு வந்த இரண்டு வேலைநாளுக்குள் நீங்கள் எழுதி உறுதிப்படுத்தி, அடுத்த இரண்டு வேலைநாளில் பொறியாளர் மறுக்காவிட்டால், உங்கள் கடிதமே எழுத்து உத்தரவாகிவிடும். நம் ஊர்ப் படிவத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

அளவும் விலையும்

என்னுடைய அந்தச் சுவரையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 20 மீட்டர், அஸ்திவார அகலம் 2.10. மதிப்பீட்டில் மண் வெட்டு 20 × 2.10 × 0.90 = 37.8 கன மீட்டர். ஆழம் இரட்டிப்பானதால் அது 75.6 ஆனது, அதாவது 100 சதவீதம் கூடுதல். கல் கட்டு மதிப்பீட்டில் 103.5 கன மீட்டர். கீழே கூடிய 37.8-ஐயும் கல்லாலேயே நிரப்பியதால் 141.3 ஆனது, 36.5 சதவீதம் கூடுதல். கல் கட்டு கன மீட்டர் ரூ. 5,800, மண் வெட்டு ரூ. 300 என்றால், கல்லுக்கு ரூ. 2,19,240, மண்ணுக்கு ரூ. 11,340, ஆக மொத்தம் ரூ. 2,30,580. இரண்டு லட்சத்துக்கு மேல் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இதே வேலை 25 சதவீத எல்லை உள்ள ஒப்பந்தத்தில் வந்திருந்தால் கல் கட்டில் 129.4 கன மீட்டர் வரை பழைய விலை. அதற்கு மேல் போன 11.9 கன மீட்டருக்கு மட்டும் புதிய விலை பேசலாம். எல்லை தாண்டியதுமே முழு அளவுக்கும் புது விலை என்று நினைத்துக் கேட்டுக் கோப்பைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. புது விலை குறையவும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். டெண்டரில் ஓர் இனத்துக்கு ஏற்றி எழுதியிருந்தால், கூடுதல் அளவுக்குச் சந்தை விலைதான் தருவேன் என்று துறையும் கேட்கலாம்.

பட்டியலில் இல்லாத இனத்துக்கு ஏணி போல நான்கு படி. ஒப்பந்தத்தில் அதே இனம் வேறிடத்தில் இருந்தால் அந்த விலை. அதைப் போன்ற இனம் இருந்தால் அதிலிருந்து கூட்டிக் கழித்து வரும் விலை. அதுவும் இல்லை, ஆனால் துறையின் விலைவிகிதப் பட்டியலில் இருக்கிறது என்றால் அந்த விலையோடு உங்கள் டெண்டர் கூடுதலோ குறைவோ. உதாரணமாக, சுவருக்குப் பின்னால் துளையிட்ட குழாய் மீட்டர் ரூ. 450 என்று பட்டியல் சொல்லி, நீங்கள் 6 சதவீதம் குறைத்து வேலை எடுத்திருந்தால், கையில் வருவது ரூ. 423. எந்த ஆண்டுப் பட்டியல் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மதிப்பீட்டு ஆண்டா வேலை செய்த ஆண்டா என்பதில்தான் பாதிச் சண்டை. பட்டியலிலும் இல்லை என்றால் விலைப் பகுப்பாய்வு: பொருளுக்கு மூன்று கொட்டேஷன், கூலி, இயந்திர மணி, சேதாரம், மேல்செலவு, லாபம்.

இங்கேதான் மலைக்காரர்கள் தங்களுக்கே குறைத்துப் போட்டுக்கொள்கிறோம். மலைப்பகுதிக்கான கூடுதல் கூலிச் சதவீதம் மூல மதிப்பீட்டில் இருக்கும். அவசரத்தில் எழுதும் கூடுதல் இனத்தில் விட்டுப்போகும். ஜல்லியும் எம்-சாண்டும் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கமிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அதோடு முடியாது, டிப்பர் கொட்டிய இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே படி இறங்கித் தலைச்சுமையாகப் போக வேண்டும். அந்தத் தலைச்சுமைத் தூரத்தை மீட்டரில் அளந்து எழுதுங்கள். தோண்டிய மண்ணையும் சரிவில் தள்ளிவிட முடியாது, கீழ்த் தோட்டக்காரர் மறுநாளே ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பார். 37.8 கன மீட்டர் கூடுதல் மண்ணை ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் செலவும் இதில் வரும். நீர் இறைக்க மோட்டார் ஓடிய மணிக்கணக்கு இருக்கிறது என்றால், மண் வெட்டு இனத்தின் விவரத்தில் நீர் இறைப்பும் சேர்த்தா என்று படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி.யைத் தனி வரியில் காட்டுங்கள். அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான வரி 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 சதவீதமானபோது, வரியையும் சேர்த்து விலை எழுதியிருந்த பலர் எங்கே வெட்டு விழுந்தது என்று தெரியாமலே தவித்தார்கள்.

காலம்

தொகையைக் கேட்டுவிட்டுக் காலத்தைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். கூடுதல் தொகை வந்து சேர்வதற்குள் தாமத அபராதம் அதில் பாதியைத் தின்றுவிடும். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே நீட்டிப்பு கேளுங்கள். நாளை எண்ணிக்கையில் சொல்லுங்கள்: தோண்டுவதற்கு நான்கு நாள், கட்டுவதற்கு ஒன்பது நாள், உத்தரவுக்குக் காத்திருந்தது பதினொரு நாள். மழையால் நின்ற நாட்களுக்கு அருகிலுள்ள மழைமானியின் தினசரிப் பதிவை இணைக்கலாம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது போன்ற மழைக்கு யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். சாதாரண அக்டோபர் மழைக்குக் கேட்பார்கள்.

வேலை மாறினால் அனுமதியும் மாறலாம் என்பது நீலகிரிக்கே உரிய சிக்கல். ஆளை வைத்து முடிந்திருக்கும் தோண்டல் ஜே.சி.பி. கேட்கும் அளவுக்குப் போனால், இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். சுவரை இரண்டடி தள்ளிப் போட்டால் ஒரு சில்வர் ஓக் குறுக்கே நிற்கலாம். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதில் கோடாலி படக் கூடாது. இந்த அனுமதிகளுக்கு ஆகும் நாளையும் நீட்டிப்பில் சேருங்கள், யார் வாங்குவது என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மூடுவதற்கு முன் அளவு

உத்தரவு வந்துவிட்டது, தோண்டியாகிவிட்டது. இப்போது கான்கிரீட் லாரி நின்றாலும் சரி, மேஸ்திரி முறைத்தாலும் சரி, அடிமட்டத்தை உதவிப் பொறியாளர் பார்த்து அளவெடுக்காமல் மூடாதீர்கள். "நாளை காலை 10 மணிக்கு அஸ்திவாரம் மூடப்படுகிறது, அளவெடுக்க வரவும்" என்று முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். எம்.புக்கில் அன்றைய தேதியில் அளவு ஏறி, உங்கள் கையெழுத்தும் விழ வேண்டும். பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அஸ்திவாரம், சுவரின் பின்பக்கம், குழாய்ப் பள்ளம், கம்பி கட்டு என்று மறைந்து போகும் எதற்கும் இதே முறைதான்.

இளம் பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: ஒப்பந்ததாரர் கடிதம் கொடுத்தால் உங்களை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் "கூடுதல் ஆழத்துக்கு ஆதாரம் என்ன" என்ற கேள்வி வரும்போது, உங்கள் சம்பளத்தில் பிடித்தம் வராமல் காப்பது அந்தக் கடிதம்தான்.

கோப்பு நகர்வது

தொழில்நுட்ப அனுமதி கொடுத்தவரின் அதிகார வரம்புக்குள் மாற்றம் அடங்கினால் அவரே முடிப்பார், தாண்டினால் மேலே போகும். மொத்தத் தொகை நிர்வாக அனுமதியைத் தாண்டும்போது திருத்திய மதிப்பீடு, புதிய நிர்வாக அனுமதி, நிதி எல்லாம் வேண்டும். வேறிடத்தில் குறைந்த அளவை இங்கே கூடிய அளவோடு நேர்செய்து மொத்தத்தை வரம்புக்குள் காட்ட முடிகிறதா என்று முதலிலேயே ஒப்பீட்டுத் தாள் போட்டுப் பாருங்கள், பல கோப்புகள் அதிலேயே முடிந்துவிடும். கூடுதல் இனங்களுக்குத் துணை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் பில். வாரம் ஒருமுறை போய் எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள், தினமும் போனால் கோப்பு அடியில் போய்விடும்.

மறுத்துவிட்டால்

இறுதிப் பட்டியலில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்ற வரியின் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். பணமுடையில் போட்டுவிடுவோம். போடத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன்பே "கூடுதல் ஆழத்துக்கான ரூ. 2,30,580 கோரிக்கை நிலுவையில் உள்ளது, எதிர்ப்புடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எம்.புக், குறிப்புக் கோப்பு நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் தகராறு தீர்க்கும் வழி என்ன எழுதியிருக்கிறதோ, அந்தப் படிகளை ஒன்றுவிடாமல் ஏறுங்கள்.

முறையான ஒப்பந்தமே இல்லாமல் செய்த வேலைக்கும் சட்டம் முழுக்கக் கதவடைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் சட்டப்படி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆரம்பாக்கில் அதிகாரிகள் கேட்டு அவர்கள் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள், முறைப்படி ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் அரசு பணம் தர வேண்டும் என்று தீர்ப்பு. வேலை நடந்தது 1944-இல், தீர்ப்பு வந்தது 1961-இல். அதோடு, ஒப்பந்தத்திலேயே கூடுதல் வேலைக்கு வழி எழுதியிருந்து நீங்கள் அதன்படி போகவில்லை என்றால் 70-ஆம் பிரிவு அவ்வளவு சுலபமாகக் கைகொடுக்காது.

நீதிமன்றம்தான் வழி என்றால் இரண்டு கெடுக்களைக் குறித்து வையுங்கள். பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மாநில அரசு மேல் வழக்கு என்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பே உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். என் சுவர் விஷயத்தில் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "தோண்டச் சொன்ன அன்னைக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தோட நகல் இருக்கா?" என்பதுதான். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.